நாற்பது மெத்தைகளுக்கு அடியில் ஏழு மில்லிமீட்டர் பச்சை

சமையலறை டப்பாவிலிருந்து காய்ந்த பச்சைப் பட்டாணி ஒன்றை எடுத்து அளவுகோலின்மேல் வைத்துப் பார்த்தேன். ஏழு மில்லிமீட்டர். அடுத்த நான்கு மாதமும் என் வேலை அந்த ஏழு மில்லிமீட்டரைச் சுற்றியே நடந்தது.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் 'இளவரசியும் பட்டாணியும்' கதையை, 1950-களின் டேனிஷ் நவீன பாணிப் படங்களோடு, கையால் அச்சிட்ட மடிப்புப் புத்தகமாகச் செய்வதுதான் திட்டம். உண்மையான இளவரசியைத் தேடி அலைகிறான் ஓர் இளவரசன். மழை இரவில் நனைந்து வந்தவள் அப்படிப்பட்டவள்தானா என்று அறிய, அரசி அவளுடைய மெத்தைகளுக்கு அடியில் ஒரு பட்டாணியை வைக்கிறாள். அவள் உடம்பு அதை உணர்ந்துவிடுகிறது, திருமணம் நடக்கிறது, பட்டாணி அருங்காட்சியகத்துக்குப் போகிறது. இவ்வளவுதான் கதை. விசிறி மடிப்புப் புத்தகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் விரியும். நான் கீழ்நோக்கி விரியும்படி அமைத்தேன், ஏனென்றால் இந்தக் கதையின் உயிரே உயரத்தில்தான் இருக்கிறது. பதினெட்டு சென்டிமீட்டர் சதுரங்கள் பன்னிரண்டு. நான்கு சதுரத்துக்கு ஒரு நாடா, மொத்தம் மூன்று நாடாக்கள். முதல் நாடாவில் இளவரசனின் பயணமும் மழை இரவும் வரும். நடு நாடா முழுக்க ஒரே படம், கட்டில். மூன்றாவதில் காலை உணவும் திருமணமும் அருங்காட்சியகமும். முழுவதும் பிரித்தால் 216 சென்டிமீட்டர். மூன்று மை, நாடாவுக்கு மூன்றாக ஒன்பது ஸ்கிரீன் (மை ஊடுருவி இறங்கும் வலைச் சட்டம்), முப்பது பிரதி என்று கணக்குப் போட்டேன்.

ஐம்பதுகளின் நாற்காலிகளையும் விளக்குகளையும் எந்தப் பழங்கதைக்குள்ளும் அலங்காரமாக வைத்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்தக் கதை 1835 மே மாதம் கோபன்ஹேகனில் ஆண்டர்சனின் முதல் சிறுவர் கதைச் சிறுநூலில் வெளிவந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில், மனித உடம்பு எதன்மேல் உட்கார்கிறது, எதன்மேல் சாய்கிறது என்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு தலைமுறை இருக்கிறது. 1924-இல் அங்குள்ள அரச கலைக் கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கிவைத்த கோரே கிளிண்ட், மனித உடம்பின் அளவுகளிலிருந்து வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தார். மரச்சாமான் வடிவமைப்பாளர் போர்கே மோகென்சன் அவரிடம் படித்தவர். தனக்குக் கீழே இருப்பதை ஓர் உடம்பு உணர்கிறதா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அரசி அந்த இரவில் இளவரசியின் முதுகுக்கு வைத்த தேர்வும் அதுவே. இந்த இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை என்பது புரிந்த அன்று, வேறு கதை தேடுவதை விட்டுவிட்டேன்.

டேனிஷ் மூலத்தை அகராதி துணையோடு வரி வரியாகப் படித்தேன். ஒன்றரைப் பக்கக் கதை என்பதால் அது முடிந்தது. படித்ததற்குப் பெரிய பலன் ஒன்று கிடைத்தது. காலையில் "எப்படித் தூங்கினாய்?" என்று கேட்கும்போது இளவரசி, கடினமான ஏதோ ஒன்றின்மேல் கிடந்ததால் உடம்பெல்லாம் 'ப்ரூன் ஓ ப்ளோ' ஆகிவிட்டது என்கிறாள். அதாவது பழுப்பும் நீலமும். ஆங்கிலத்தில் கன்றிய தோலைக் கறுப்பும் நீலமும் என்பார்கள். நான் சிறுவயதில் படித்த தமிழ்ச் சுருக்கத்தில் நிறமே இல்லை. மூலத்தில் ஆண்டர்சன் இரண்டு மைகளைத் தந்திருக்கிறார்! பழுப்பை நாற்காலிகளின் தேக்குக்கும் எழுத்துகளுக்கும் வைத்துக்கொண்டேன். நீலத்தை மழைக்கும் இரவுக்கும் வைத்தேன். மூன்றாவது மை மஞ்சள், விளக்குகளுக்கு. நீலம் மஞ்சளின்மேல் படியும் இடத்தில் பச்சை பிறக்கும். அந்தப் பச்சை 216 சென்டிமீட்டரில் இரண்டே இடத்தில் வரவேண்டும்: கட்டிலின் அடியில் ஒன்று, கடைசிச் சதுரத்தில் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று. வேறு எங்கும் நீலமும் மஞ்சளும் தொடக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஐம்பதுகளின் படப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் உருவாயின. முழு வண்ண அச்சு விலை மிகுந்தது. எனவே பதிப்பகம் ஓவியருக்கு இரண்டு அல்லது மூன்று மை தரும். ஒவ்வொரு மைக்கும் தனித்தனிக் கண்ணாடித் தாளில், கறுப்பு நிறத்தில், ஓவியரே படத்தைப் பிரித்து வரைந்து கொடுக்க வேண்டும். நிறம் அவர் மனத்தில் மட்டும் இருக்கும். அந்தக் காலப் படங்களின் தட்டையான வடிவங்களுக்கும், இரண்டு நிறம் மேவும் இடத்தில் எதிர்பாராமல் பிறக்கும் மூன்றாம் நிறத்துக்கும் காரணம் இந்த நெருக்கடிதான். கணினியில் ஒரு சொடுக்கில் இதே தோற்றம் வரும். ஆனால் எங்கே மேவ வேண்டும், எங்கே மேவக்கூடாது என்று ஒவ்வொரு அங்குலத்துக்கும் தலையைக் கசக்கிக்கொள்ளும் வேலை அதில் இல்லை. எனக்கு வேண்டியது அந்த வேலைதான்.

கண்ணாடித் தாளுக்கு ஓஎச்பி ஷீட் வாங்கினேன். கறுப்புக்கு, வண்டிகளில் பெயர் ஒட்டும் ரேடியம் கடையில் கிடைக்கும் கறுப்பு ஸ்டிக்கர் ஷீட். ஒளி துளியும் ஊடுருவாது என்பதால் பேனா மையைவிட இது நம்பகமானது. வடிவங்களை வெட்டி ஓஎச்பி ஷீட்டில் ஒட்டினால் பாசிட்டிவ், அதாவது ஒளியால் ஸ்கிரீனுக்குப் படத்தை மாற்றும் மூலத்தாள், தயார். முதல் வாரம் கட்டர் கத்தியால் வெட்டினேன். கோடுகள் துல்லியமாக வந்தன, ஆனால் விறைப்பாக இருந்தன. பிறகு கத்தரிக்கோலுக்கு மாறினேன். ஆண்டர்சன் தானே பெரிய கத்தரிக்கோலோடு திரிந்தவர். விருந்துக்குப் போன வீடுகளில் கதை சொல்லிக்கொண்டே மடித்த காகிதத்தை வெட்டுவார், கதை முடியும்போது பிரித்துக் காட்டுவார். அந்த வெட்டோவியங்கள் பல அவர் பிறந்த ஓடன்ஸ நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. கத்தரிக்கோலில் கை அசையாமல் நிற்கும், காகிதம்தான் திரும்பும். அதனால் வளைவு ஒரே மூச்சில் வரும். கத்தியில் அந்த வளைவு எனக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

அதிகம் படுத்தியது டேனிஷ் வடிவமைப்பாளர் ஆர்னே யாகோப்சனின் 'முட்டை' நாற்காலி. கோபன்ஹேகனின் எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலுக்காக 1958-இல் அவர் வடிவமைத்தது. உண்மையான இளவரசி கிடைக்காமல் ஊர் திரும்பிய இளவரசனை அதில் உட்கார வைத்தேன். முதுகைக் காட்டித் திரும்பியிருக்கும் நாற்காலி, வெளியே தெரிவது இரண்டு காலணிகள் மட்டும். உட்கார்ந்திருப்பவரை உலகத்திடமிருந்து மறைத்துக்கொள்ளும் நாற்காலி அது, அவனுடைய சோர்வுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் தட்டையான நிழலுருவாக வெட்டினால் ஒருமுறை காதுபோல இருந்தது, இன்னொருமுறை அகப்பைபோல. பதினாறு முறை வெட்டிய பிறகுதான் பிழை தெரிந்தது. நான் வெளிக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை ஓடு போன்ற அந்த வடிவத்தை யாகோப்சன் பிளாஸ்டரில் செதுக்கிச் செதுக்கித்தான் கண்டுபிடித்தார். அதன் அடையாளம் வெளி வடிவத்தில் இல்லை, காதுப் பக்கங்கள் உள்ளே மடங்கும் விதத்தில் இருக்கிறது. மடங்கும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு அச்சில்லாத வெள்ளைக் கோடு ஒன்றை விட்டேன். உடனே நாற்காலி ஆகிவிட்டது.

ஹான்ஸ் வெக்னரின் 'ஒய்' நாற்காலி, முதுகில் ஆங்கில Y எழுத்து வடிவம் கொண்டது, வேறு மாதிரி. 1949-இல் வடிவமைக்கப்பட்டு அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. சீனத்து மிங் கால நாற்காலிகளிலிருந்து பிறந்த வடிவம். பக்கவாட்டில் வரைந்தால் முதுகின் 'ஒய்' மறைந்துவிடும், நேராக வரைந்தால் வளைந்த மேல்சட்டத்தின் அழகு போய்விடும். முதுகை நேராகவும் இருக்கையை மேலிருந்து பார்ப்பதாகவும் ஒரே படத்தில் வைத்துவிட்டேன். தட்டை ஓவியம் இதை அனுமதிக்கும், கண்ணும் ஏற்றுக்கொள்கிறது. அந்த இருக்கையைப் பின்னுவதற்குச் சுமார் 120 மீட்டர் கயிறு வேண்டும், கயிறு முறுக்கிய காகிதத்தால் ஆனது. காகிதப் புத்தகத்தில் காகித இருக்கை என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனதால், பின்னலின் நான்கு முக்கோணங்களையும் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். முழுதாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மகிழ்ச்சியோடு கொடுத்த நேரம் அது.

விளக்கு எளிது. போல் ஹென்னிங்சனின் 1958-ஆம் ஆண்டு 'பிஎச் 5', அடுக்கடுக்கான மூடிகள் கொண்டது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணைக் குத்தாது. மஞ்சளில் ஐந்து துண்டுகள், வேலை முடிந்தது.

இனி கட்டில். அரசி பட்டாணியை வைத்து அதன்மேல் இருபது மெத்தையும், அவற்றின்மேல் இருபது எய்டர் இறகுப் படுக்கையும் போடுகிறாள். எய்டர் வடகடல் வாத்து. தாய் வாத்து தன் மார்பின் மென்னிறகைப் பிய்த்துக் கூட்டில் பரப்பும், அதைச் சேகரித்துத் திணிப்பார்கள். தமிழில் இதை என்ன சொல்வது என்று தவித்தேன். இலவம்பஞ்சு என்று மாற்றினால் டென்மார்க் போய்விடும். 'இறகு' என்றால் தண்டோடு கூடிய இறகு நினைவுக்கு வரும். சங்க இலக்கியத்தின் நெடுநல்வாடை கைகொடுத்தது. அங்கே பாண்டியன் அரண்மனையில் அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவி, அதாவது மென்னிறகு, பரப்பியிருக்கும். வெளியே மழையும் வாடையும், உள்ளே தூவிப் படுக்கையில் தூக்கம் வராமல் ஒரு பெண். அவளுடைய காரணம் வேறு, கணவன் பாசறையில் இருக்கிறான். ஆனால் சொல் கிடைத்துவிட்டது: 'எய்டர் தூவிப் படுக்கை'.

முதலில் நாற்பதுக்கும் நாற்பது வேறு வேறு துணி வடிவங்கள் வெட்டினேன். இலை, புள்ளி, வரி, கட்டம். சுவரில் மாட்டிப் பார்த்தால் ஜவுளிக்கடை அலமாரி, இளவரசி எங்கே என்றே தெரியவில்லை. முப்பத்து மூன்றை எடுத்துவிட்டு வெறும் நிறமாக்கினேன், ஏழில் மட்டும் வடிவம் மிஞ்சியது. அடுக்குகளின் முனைகளைச் சற்று உருட்டி, ஒவ்வொன்றையும் ஓரிரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினேன். மேலே உள்ள ஐந்து தூவிப் படுக்கைகளை மட்டும் அவள் எடைக்குக் கொஞ்சம் தாழ்த்தினேன். கட்டிலின் கால்கள் கீழே மெலியும் உருண்டைத் தேக்கு. அந்தக் காலத்து டேனிஷ் தச்சர்கள் தென்கிழக்காசியாவிலிருந்து தேக்கை இறக்குமதி செய்து தேய்த்துத் தேய்த்து ஒளிர வைத்தார்கள். அந்த மரத்துக்கு அவர்கள் வழங்கும் 'டீக்' என்ற பெயரே மலையாள, தமிழ்த் 'தேக்கு' போர்த்துகீசியம் வழியாகப் போனதுதான்.

பிறகு காகிதம் பாடம் நடத்தியது. காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் வழவழப்பாக மடியும், குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். நான் வாங்கிய 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாளில் ஓட்டம் நீளவாக்கில் இருந்தது, மடிப்புகள் எல்லாம் அதற்குக் குறுக்கே விழுந்தன. அச்சிட்டு மடித்த முதல் கட்டில் நாடாவில், நீல மெத்தையின் நடுவே மை உதிர்ந்து வெள்ளை நார் பிளந்து நின்றது. அச்சகப் பொருள் கடையில் குறுக்கு ஓட்டத் தாள் கேட்டு வாங்கினேன். மடிப்பு பட்டுப்போல வந்தது. ஆனால் அது ஐப்பசி. காகிதம் ஈரத்தை உறிஞ்சும்போது நார் ஓட்டத்துக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். இப்போது குறுக்கு என்பது என் 72 சென்டிமீட்டர் நீளம்! காலையில் மஞ்சள் அடித்து மறுநாள் மழைக்கு நடுவே நீலம் அடித்தபோது, நாடாவின் அடிமுனையில் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தது. அடிமுனையில் இருப்பது பட்டாணி. பச்சை வட்டத்தின் ஓரத்தில் மஞ்சள் பிறை ஒன்று, எதிர் ஓரத்தில் நீலப் பிறை ஒன்று. பதினோரு நாடாக்கள் வீண்.

மடிப்பா, மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும் பொருத்தமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொருத்தத்தை விட முடியாது, எனவே பழைய நீளவோட்டத் தாளுக்கே திரும்பினேன். வெடிப்புக்கு வழி வேறு இடத்தில் இருந்தது. மை இல்லாத இடத்தில் மடித்தால் உதிர்வதற்கு எதுவும் இல்லை. மெத்தைகளுக்கு இடையே வெள்ளை இடைவெளி இருக்கிறதே, மடிப்பு அங்கே விழட்டும். தலைப்பகுதிக்கு 130 மில்லிமீட்டர் விட்டேன். தூவிப் படுக்கை ஒன்றுக்கு இடைவெளியோடு 10, மெத்தை ஒன்றுக்கு 15. மடிப்புகள் 180, 360, 540 ஆகிய இடங்களில். 130-லிருந்து ஐந்து படுக்கை கடந்தால் 180. இருபது படுக்கை முடியும் இடம் 330, அதிலிருந்து இரண்டு மெத்தை கடந்தால் 360, பதினான்கு கடந்தால் 540. இருபது மெத்தையும் முடிவது 630-இல். மிச்சமுள்ள 90 கட்டில் சட்டத்துக்கும் கால்களுக்கும். மூன்று மடிப்பும் இடைவெளியில் விழுந்தன. கணக்கு நோட்டில் இது சரியாக வந்தபோது இரவு ஒரு மணி, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிச் சொன்னேன். நாற்பது அடுக்கையும் இந்த அளவுக்குத் திரும்ப வெட்ட ஒன்பது நாள் ஆயிற்று. மடிக்கும் முன் ஒவ்வொரு கோட்டிலும் எலும்பு மடிப்பானால் அழுத்தி கிரீசிங் செய்தேன். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது.

அச்சிடும் முறையில் மூன்று விஷயங்களைக் கடைப்பிடித்தேன். நாடாக்களை முந்தைய இரவே அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டு அறையின் ஈரத்துக்குப் பழக்கினேன். மூன்று மையையும் ஒரே நாளில், ஜன்னல்களை மூடி, முடித்தேன். மேசையில் ஒட்டிய மூன்று அட்டைத் துண்டுகளில் முட்டும்வரை ஒவ்வொரு நாடாவையும் தள்ளி வைத்த பிறகே ஸ்கிரீனை இறக்கினேன். ஸ்கிரீனுக்கும் தாளுக்கும் இடையே இரண்டு நாணய கனம் இடைவெளி. மையை வலை வழியே தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை ஒரே வேகத்தில், ஒரே சாய்வில், ஒரே ஒருமுறை இழுக்க வேண்டும். இரண்டாம் முறை இழுத்தால் ஓரங்கள் கசியும்.

ஸ்கிரீனில் பூசும் எமல்ஷனிலும் ஒருமுறை அடிபட்டேன். அது ஒளி பட்ட இடத்தில் இறுகும், படாத இடத்தில் கழுவினால் கரைந்து மைக்கு வழி விடும். மழை நாளில் வெயில் காட்ட முடியாமல் புற ஊதா டியூப் பெட்டியில் காட்டினேன், நேரம் போதவில்லை. கழுவும்போது பட்டாணியின் துளை ஓரம் கரைந்து ஒன்பது மில்லிமீட்டராகிவிட்டது. எமல்ஷனை முழுக்க உரித்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். துண்டு நாடாவில் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி சோதித்த பிறகே அடுத்த ஸ்கிரீனைத் தொட்டேன். நீர் மை பயன்படுத்துபவர்கள் நீர் மையைத் தாங்கும் வகை எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை இருபது இழுப்பில் ஊறிப்போகிறது.

பச்சை தெளிவாக வருமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது மஞ்சள்தான். தொடக்கத்தில் ஐம்பதுகளுக்கே உரிய கடுகு மஞ்சளைக் கலந்தேன். அதில் சிவப்பு இருப்பதால் நீலம் மேவியதும் சேற்று நிறம் வந்தது. எலுமிச்சைப் பக்கம் நகர்த்தினேன். நீலத்தில் ஒரு பங்கு மைக்கு மூன்று பங்கு நிறமற்ற பேஸ் சேர்த்ததும், கீழே உள்ள மஞ்சள் மேலே எழுந்து வந்தது. விளக்கின் நிறம் கொஞ்சம் குளிர்ந்துவிட்டது உண்மைதான். பட்டாணிக்காக விளக்கை விட்டுக்கொடுத்தேன்.

எழுத்துகளைப் பன்னிரண்டு புள்ளி (பாயிண்ட்) அளவில் வைத்தபோது ண, ணை, ளை எல்லாவற்றிலும் சுழி அடைத்துக்கொண்டது. பதினெட்டுக்கு உயர்த்தி, வாசகத்தை வெட்டிக் குறைத்தேன். மழையில் நனைந்து வந்த இளவரசியின் காலணிகளில் தண்ணீர் நுனியில் புகுந்து குதிகாலில் வெளியேறியது என்ற வாக்கியத்தை மட்டும் குறைக்கவில்லை. கிழ அரசரே போய்க் கதவைத் திறப்பதையும் விடவில்லை.

முப்பத்து நான்கு கட்டில் நாடாக்களில் பட்டாணி பிறையில்லாமல் வந்தவை இருபத்தொன்று. முதல், மூன்றாம் நாடாக்களில் போதுமான நல்லவை இருந்ததால் இருபத்தொரு புத்தகங்கள் முழுமையாயின. ஸ்டார்ச் பசையில் ஒட்டி, மரப்பலகைக்கு இடையே இரவு முழுக்கக் கனம் வைத்தேன்.

என் மகளுக்கு வயது ஏழு. முதல் பிரதியைத் தரையில் முழுக்க விரித்து, தலைமாட்டிலிருந்து கட்டில் அடிவரை முழங்காலிட்டுத் தவழ்ந்து வந்தாள். பட்டாணிமேல் விரலை வைத்துத் தேய்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் தேய்த்தாள். இரண்டு மை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இடம், சுற்றியுள்ள தாளைவிட மயிரிழை மேடு.

"அம்மா, இங்கே தட்டுப்படுகிறது" என்றாள்.

நானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். எனக்கு மூன்றாவது முறைதான் தெரிந்தது. வீணான நாடாக்களை எடுத்து அவள் முன் வைத்தேன். ஒவ்வொன்றிலும் பிறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் திறக்காமலே சொல்ல முயன்றுகொண்டிருக்கிறாள்.